அரிசிப் பானையில் கனியாத பழம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஊர்ல துரைக்கண்ணுன்னு ஒருத்தர் இருந்தாராம். அவர் வீட்டுக்குப் பின்னாடி ஒரு பெர்சிமன் மரமாம். பழம் பார்க்கத் தக்காளி மாதிரி இருக்கும், ஆனா மரத்துல காய்க்கும். கனிஞ்சா தேன். கனியலைன்னா துவர்ப்பு வாயைக் கட்டிப்போட்டுடும். ம் கொட்டு, இல்லாட்டி கதை இங்கயே நின்னுடும்.

மொத வருஷம் மஞ்சளானதுமே பறிச்சு, நறுக்குனு கடிச்சார். நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு. பொண்டாட்டிக்கு அன்னிக்குப் பூரா நிம்மதி. அடுத்த வருஷம் மரத்துலயே கனியட்டும்னு விட்டார். எப்பக் கனியும்னு அவருக்குத் தெரியலை, குரங்குக்குத் தெரிஞ்சுது. தொபுக் தொபுக்னு குதிச்சு மரத்தையே காலி பண்ணிட்டுப் போச்சு. அப்புறம் மூணாவது வருஷம் தோலைச் சீவி, காம்புல நூல் கட்டி, காயட்டும்னு வாசல்ல தொங்கவிட்டார். பனிமூட்டம் இறங்கி, பழத்துக்கெல்லாம் பூஞ்சைத் தாடி முளைச்சுது. மனுஷன் விடலையே. அதுக்கடுத்த வருஷம் காயெல்லாம் பறிச்சு, வாழைப்பழத்தோட அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வெச்சார். நல்ல வழிதான், பொறுமை இருந்தா.

அப்போ அவர் பொண்ணு செண்பகவல்லியைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. அவளுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஆனா மாப்பிள்ளை வீட்டுல அவரோட அத்தை நாச்சம்மா சொன்னாத்தான் கல்யாணம். அத்தை வாயைத் திறந்தா எந்தச் சம்பந்தமும் நிக்காது. ஒரு பொண்ணை மூக்கு சரியில்லைன்னு தள்ளினா, இன்னொருத்தியை வீட்டுப் படி செங்குத்தா இருக்குன்னு தள்ளினா. இதெல்லாம் செண்பகவல்லி காதுக்கும் வந்திருந்துச்சு.

அத்தை உட்கார்ந்ததுமே காபி ஆறிப்போச்சு, ஊர்ல குளிர் ஜாஸ்தின்னு ஆரம்பிச்சுட்டா. அடுத்தது பொண்ணுதான். துரைக்கண்ணு பெருமையா, பழம் கொண்டாம்மான்னார். செண்பகவல்லி பானைக்குள்ள கையை விட்டுத் துழாவினா. ஒண்ணு மெத்துனு இருந்துச்சு, ஒண்ணு கல்லாட்டம் இருந்துச்சு. இவ எதை எடுத்தான்னு நான் சொல்லணுமா?

நறுக்! அத்தை கண்ணு உருண்டுச்சு, உதடு குவிஞ்சுது, பேச்சே வரலை.

மாப்பிள்ளையோட அப்பா கேட்டார்: "என்னக்கா, ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிடு."

அத்தை கப்சிப்.

"பொறந்ததுலேர்ந்து எங்கக்கா குறை சொல்லாத பொண்ணு இதுதான். தட்டை மாத்துங்க."

அத்தை நாக்கு அவிழறதுக்குள்ள தட்டு மாத்தி, பூ வெச்சு, பாயசமும் குடிச்சாச்சு.

அதுலேர்ந்து அவங்க குடும்பத்துல நல்ல காரியம்னா, மாப்பிள்ளையோட அப்பா மலையேறி வந்துடுவார். துரைக்கண்ணு ஆசையா கனிஞ்ச பழத்தை நீட்டுவார். அவர் தள்ளிட்டுக் காதோரமாச் சொல்லுவார்: "சம்பந்தி, கனியாததா ஒண்ணு குடுங்க."

கதை கனிஞ்சாச்சு, கண்ணை மூடு. இன்னும் பேசினே, நம்ம அரிசிப் பானைக்குள்ள கையை விட்டுடுவேன். தூங்கு.