வெற்றிலைக் கடையில் நடந்த தூது

முன்னொரு காலத்தில், கோபம் வந்தால் பக்கத்து நாட்டையே இல்லையென்று சொல்லிவிடும் அரசர் ஒருவர் இருந்தார். கோதண்டவர்மர் என்று பெயர். வடக்கே இருந்த வெண்மணல் நாட்டு அரசர், தம் மகள் கல்யாண விருந்தில் இவரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். ஊர் திரும்பியதும் கோதண்டவர்மர் அவையில் முழங்கினார்:

"இன்றுமுதல் அப்படியொரு நாடே கிடையாது! நம் தூதர் அங்கே போகக்கூடாது. அதன் பெயரை இந்த அவையில் எவன் உச்சரித்தாலும் நாக்கை அறுப்பேன்!"

அவை கைதட்டியது. ஆனால் உப்பு அந்த நாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சீக்கிரமே அரண்மனை ரசம் வெந்நீராகிவிட்டது. அதைவிடக் கொடுமை, மாடு மேய்க்கப் போய் எல்லை தாண்டிய நம் இடையர்கள் அங்கே சிறையில் கிடந்தார்கள். அவர்களுடைய மனைவிமார் கோட்டை வாசலில் அழுது புரண்டார்கள். தூதர்களுக்குத் தலைவரான திருமேனியார், "இல்லாத நாட்டின் சிறையை நான் எப்படித் திறப்பது?" என்று கையை விரித்தார்.

அரசர் அவை விகடன் சாத்தப்பனை அழைத்தார். "உப்பு வரவேண்டும். ஆட்களும் வரவேண்டும். தூது மட்டும் போகக்கூடாது!"

"அப்படியே ஆகட்டும், அரசே. வழிச்செலவுக்கு நாலு கட்டு வெற்றிலை போதும்."

சாத்தப்பன் வெண்மணல் அரண்மனைக்கு எதிரே வெற்றிலைக் கடை போட்டான். அந்நாட்டு மந்திரி வந்து முறைத்தார்.

"நீ தூதன்தானே?"

"கடைக்காரன் சாமி. சுண்ணாம்பு தூக்கலா தடவட்டுமா?"

மந்திரி மென்றுகொண்டே முனகினார்: "உங்க ஊரு நெல்லு வராம எங்க பானையெல்லாம் கவுந்து கெடக்குது."

"எங்க பானையில உப்பு இல்லீங்க."

அடுத்த வாய் வெற்றிலைக்குள் பேச்சு முடிந்தது. நெல் வடக்கே போயிற்று, உப்பு தெற்கே வந்தது. இடையர்கள் வெற்றிலைக் கூடை சுமக்கும் கூலிகளாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

திருமேனியாருக்கு வயிறு எரிந்தது. சாத்தப்பன் திரும்பியதும் அவையில் எழுந்தார். "அரசே, இவன் தூது போயிருக்கிறான்! இவன் தலையை விட்டுவைத்தால் தங்கள் ஆணையைப் பார்த்து ஊரே சிரிக்கும்."

ஊர் சிரிக்கும் என்றதும் அரசர் முகம் கறுத்தது. காவலன் வாளை உருவினான். சாத்தப்பன் கும்பிட்டுக் கேட்டான்: "நான் எந்த நாட்டுக்குத் தூது போனேன் என்று பெரியவர் சொல்லட்டும்."

"வெண்..." என்று தொடங்கிய திருமேனியார் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"வெண்ணெய் நாடா, ஐயா?"

"இல்லை! வடக்கே இருக்கிறதே, அது!"

"கேட்டீர்களா அரசே? தாங்கள் இல்லையென்ற நாட்டை இவர் இருக்கிறது என்கிறார்!"

திருமேனியார் தொப்பென்று உட்கார்ந்தார். அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போன நாட்டைச் சொல்ல ஆளில்லை. ஆகவே இவன் தூதன் அல்லன்!" என்று தீர்ப்பளித்து, தம் முத்துமாலையைச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார். கடையில் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலைக்குத் திருமேனியாரை அனுப்பிவைத்தார்.

பதிலுக்கு வெண்மணல் நாட்டிலிருந்து ஒருவன் வந்து நம் கோட்டை வாசலில் சீப்புக் கடை போட்டான். கோதண்டவர்மர் அடிக்கடி தாமே அங்கே போய், கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் சீப்பு வாங்கினார். அவர் தலையில் வாருவதற்கு ஒரு மயிர் கிடையாது. அவையோர் எல்லோரும், "அரசரின் கூந்தல் அழகே அழகு" என்றார்கள்.