ஐஸ் பெட்டிக்கு வந்த வாழ்த்து

இதுல ஒரு சொல்லு பொய்யின்னா, ஆயுசுக்கும் எனக்குப் பரோட்டா மட்டும் கெடைக்கட்டும், சால்னா கெடைக்காமப் போகட்டும். இதுக்கு மேல என்னத்த சத்தியம் பண்ண?

பாளையங்கோட்டையில பெனிட்டான்னு ஒரு குரு. வயசு இருபத்தேழு. சிஷ்யன் இசக்கியப்பனுக்கு அம்பது. ரேடியோ ரிப்பேர் கடைய மூடிட்டு, மெயில் சர்வர் வேலை கத்துக்கிட வந்த மனுசன். இவரு அந்தப் புள்ளைய 'டீச்சர்'ம்பாரு, அது இவர 'அண்ணாச்சி'ங்கும்.

அவங்க பாத்துக்கிட்ட சர்வர் ஒண்ணு, அதுல மெயில் வச்சிருந்த கடை ரெண்டு. ஒண்ணு கல்யாண மண்டபம். இன்னொண்ணு, செத்தவங்களக் கெடத்துத ஐஸ் பெட்டிய வாடகைக்கு விடுத கடை. மெயில் விலாசத்துல அட் குறிக்குப் பின்னால வார டொமைன் வேற வேற, ஆனா முன்னால ரெண்டுலயும் 'இன்ஃபோ'தான். எந்த இன்ஃபோ யாரு மெயில் பெட்டிக்குன்னு முழு விலாசமா எழுதுங்கன்னு டீச்சர் படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு. அண்ணாச்சி ரெண்டு டொமைனையும் சர்வரோட சொந்தப் பேருன்னு ஒரே வரியில போட்டு முடிச்சிட்டாரு. மண்டபத்துக்கு ஒரு மெயில் அனுப்பிப் பாத்தாரு, வந்துது. இனிமே ஒரு மெயிலும் திரும்பிப் போகாதுன்னு மீசையத் தடவினாரு.

திரும்பித்தான் போகல.

மறுநா மஸ்கட்ல இருந்து ஒரு பையன் ஐஸ் பெட்டிக் கடைக்கு எழுதினான். அப்பா தவறிட்டாரு, அம்மா தனியா இருக்கா, நான் வந்து சேருத வரைக்கும் ஒரு ஐஸ் பெட்டி அனுப்புங்கன்னு. அண்ணாச்சி போட்ட வரியால ரெண்டு இன்ஃபோவும் ஒண்ணாயிப் போச்சு, அது மண்டபத்து மெயில் பெட்டியில விழுந்துது. அங்க தானாப் பதில் போடுத ஏற்பாடு உண்டு. போட்டுது: 'உங்க வீட்டு விசேஷத்துக்கு வாழ்த்துக்கள். பந்திக்கு எத்தன இலை?'

ஐஸ் பெட்டி போகல. பக்கத்து வீட்டு ஆளுக ஐஸ் கட்டிய வாங்கி, சாக்குல சுத்தி ஒப்பேத்தினாங்க.

எழவு வீட்டு மெயில் இங்க எதுக்கு வருதுன்னு மண்டபத்து மேனேஜர் போன் போட்டு ஏசினப்பதான் விசயம் வெளிய வந்துது.  இசக்கியப்பன் மொதல்ல அந்த வரியச் சரி பண்ணினாரு. அப்புறம் டீச்சர் முன்னால போயி, தரையப் பாத்துக்கிட்டே கேட்டாரு.

"இத எப்படித் தீக்க, டீச்சர்?"

"அந்த வீட்டுக்கு நேர்ல போயிட்டு வாங்க அண்ணாச்சி."

போனாரு. வாசல்ல பந்தல். மொட்டத் தலையோட அந்த மஸ்கட் பையன் வெளிய வந்தான். இவரு கும்பிட்டு நாலு வார்த்த சொன்னாரு. பையன் ஏசியிருந்தாக்கூடத் தேவல. தண்ணி குடிக்கீங்களான்னு கேட்டான்.

திரும்பி வந்தவர டீச்சர் உக்காரச் சொல்லல.

"என்ன சொன்னீங்க?"

"கம்பெனி சார்பா வருந்துதோம்னு."

"தப்பு எங்கன்னு?"

"சர்வர்ல சின்னக் கோளாறுன்னேன்."

"உங்க பேரச் சொன்னீங்களா?"

இசக்கியப்பன் மறுபடியும் தரையப் பாத்தாரு. 

டீச்சர் திரையில இருந்து கண்ண எடுக்காமச் சொல்லிச்சு.

"அப்ப அது இன்னும் போயிச் சேரல, அண்ணாச்சி."

அவரு கழத்தின செருப்ப மறுபடி மாட்டினாரு.

அவரு போயிட்டு வரட்டும். நீங்க எனக்கு ஒரு டீயும் ரெண்டு வடையும் சொல்லுங்க. ஓசியில கதை கேட்டுட்டு நழுவுத ஆளுக்கு வார மெயிலெல்லாம் அந்தக் கல்யாண மண்டபத்துக்கே போகட்டும்.