ஜன்னல் இல்லாத சாப்பாட்டுப் பெட்டி

"இதுல இன்னும் என்னதான் குறை, டீச்சர்?"

ஏகாம்பரம் தான் செய்த பொம்மை ரயில் பெட்டியை மேஜைமேல் வைத்தார். குரலில் கோபம் இருந்தது.

எப்சிபா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெரம்பூரில் அவள் வீட்டு மாடி அறை முழுக்கக் குட்டித் தண்டவாளம். பொம்மை ரயில் கட்டுகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் குரு. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. அவள் கையால் தண்டவாளம் ஏறாத பெட்டி அங்கே ஓடாது.

சீடருக்கோ அவளுடைய அப்பா வயது. காலமெல்லாம் சட்டை தைத்துவிட்டு, கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வந்தவர். பிடித்தால் உடும்புப்பிடி.

அவர் கட்டியது ஜோடிப் பெட்டி. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் நிஜமாகவே ஓடிய பெட்டிகளைப் பார்த்துச் செய்தது. ஒன்று மதுக்கடை. வெளிப்புறம் செங்கல் சுவர் மாதிரி வண்ணம். அதை எப்சிபா பார்த்த அன்றே தண்டவாளத்தில் ஏற்றிவிட்டாள்.

மற்றது சாப்பாட்டுப் பெட்டி. அதில்தான் வில்லங்கம். உட்கார்ந்தவன் வெளியே பார்க்க அதில் ஜன்னலே கிடையாது. கூரையோரம் மட்டும் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் கண்ணாடி. வேடிக்கை பார்த்துக்கொண்டு இடத்தை அடைக்காமல், தின்றோமா எழுந்தோமா என்று போகட்டும் என்ற யோசனையாம். வெள்ளைக்காரனுக்கும் கிறுக்குப் பிடிக்கும்.

முதல் தடவை எப்சிபா கூரையைக் கழற்றி உள்ளே பார்த்தாள். மூடினாள்.

"இது ஓடாது, சார்."

ஏகாம்பரம் போய்ச் சக்கரங்களை மாற்றிக்கொண்டு வந்தார்.

"ஓடாது, சார்."

வண்ணத்தைச் சுரண்டி மறுபடி பூசிக்கொண்டு வந்தார்.

"ஓடாது."

"அந்தப் பொண்ணு உங்களுக்குத் தண்ணி காட்டுது. விட்டுத் தொலைங்க" என்றாள் மனைவி. அவர் விடவில்லை. இதோ, இன்றும் வந்து நிற்கிறார்.

"உள்ள மேஜை இருக்கு, தட்டு இருக்கு, தட்டுல மீன்கூட இருக்கு. சாப்பிடற ஆளுங்கள மட்டும் கடையில வாங்கினேன். அவங்க கோட்டுக்கும் நான்தான் கலர் அடிச்சேன். கூரைய மூடிட்டா எவன் கண்ணுக்கும் தெரியப்போறதில்ல. அதுக்கும் குத்தம் சொன்னா எப்படி?"

"சாப்டீங்களா, சார்?"

"இல்ல."

எப்சிபா ஒரு நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டாள். உட்கார்ந்தவுடன் அவர் தோள் சுவரில் உரசியது. முன்னால் முக்காலி, அதன்மேல் ஒரு தட்டுப் புளிசாதம். எதிரே தனக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டாள்.

"இங்கயேவா? இவ்ளோ எடம் இருக்கே."

"சாப்பிடுங்க."

சாப்பிட ஆரம்பித்தார். வெளியே மின்சார ரயில் போகிற சத்தம் கேட்டது. ரயில் பைத்தியம் சும்மா இருக்குமா? சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார்.

சுவர். மூக்கு இடித்தது.

எப்சிபா சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு ரயில் போனது. ஏகாம்பரம் திரும்பவில்லை. தட்டைப் பார்த்தபடி அடுத்த கவளத்தை எடுத்தார்.

கை பாதியில் நின்றது.

"டீச்சர், பிளேடு இருக்கா?"

"சாப்ட்டு முடிங்க, சார்."

அவர் முடிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து கூரையைக் கழற்றினார். உள்ளே இருந்த பொம்மைகள் ஜன்னலோரம் உட்காரவைக்கவே செய்து விற்பவை. அத்தனை பேரும் தலையைத் திருப்பி, வெறும் சுவரைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெட்கமாக இருந்தது அவருக்கு.

மாலைவரை எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு தலையாக அறுத்து, திருப்பி, ஒட்டினார். பிளேடு வழுக்கி விரலைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி குனிந்தார். எப்சிபா டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனது.

கடைசியில் பெட்டியை அவளிடம் நீட்டினார்.

அவள் உள்ளே பார்த்தாள். ஒருவர் தட்டைப் பார்த்தார். ஒருவர் எதிரே இருந்த பெண்ணைப் பார்த்தார். கதவோர மேஜையில் இருந்த ஒரே ஒருவர் மட்டும் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர மறந்துட்டீங்களே, சார்."

"மறக்கல, டீச்சர். அவரு இப்பத்தான் ஏறினாரு."

எப்சிபா கூரையை மூடி, பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்தாள்.