அங்கணக்குழியில் விழுந்த அஞ்சாவது குஞ்சு

ஒரு ஊர்ல, ஒரு வீட்டுக்குப் பின்னால, ஒரு குழி இருந்துச்சாம். அங்கணத்துல பாத்திரம் கழுவுற தண்ணியெல்லாம் சளசளன்னு ஓடி வந்து விழுற குழி. அடியில ஒரு குழாய், அது தெருச் சாக்கடைக்குப் போகுது. குழிக்கு இந்தப் பக்கம் வாழைக்கூட்டம். அந்தப் பக்கம் கெணறு, சுவரு இடுப்பு உசரம்கூட இல்ல. தெரியுதா?

"ம்."

அந்த வீட்டுக்கு மூத்த மருமக உலகம்மை. எல்லாருக்கும் முந்தி எந்திரிச்சு, எல்லாருக்கும் பிந்திப் படுக்கிறவ. நடுவுல எப்பவாச்சும் உக்காந்தாளான்னா, அவளுக்கே ஞாபகம் இல்ல. அன்னிக்கு விடிஞ்சும் விடியாம தண்ணி எடுக்க வந்தவ, வாளியைக் கெணத்தடியில வச்சா. அப்போ காலு ரெண்டும் 'போதும்மா'ன்னுச்சு. வாழைக்குப் பின்னால துவைகல்லு மேல பொத்துன்னு உக்காந்துட்டா.

அப்போ, 'க்ர்ர்... குவாக், குவாக்'னு ஒரு சத்தம். வாழைக்கு அப்பால ஓடுற வாய்க்கால்லேருந்து ஒரு சம்புக்கோழி, அதான் தண்ணிக்கோழி, ஏறி வருது. முதுகு கரி, நெஞ்சு வெள்ளை. பின்னாலயே கரிக்கட்டையை உருட்டிவிட்ட மாதிரி குஞ்சுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அஞ்சாவது குடுகுடுன்னு ஓடி வந்துச்சு. ப்ளக்! குழிக்குள்ள விழுந்துடுச்சு.

"ஐயோ!"

உலகம்மையும் அப்படித்தான் பதறி எந்திரிச்சா. அவ அசைஞ்சதும் குஞ்சு பயந்து குழாய்க்குள்ள தலையை விட்டுடுச்சு. உள்ள போனா போச்சு, சாக்கடையோட போயிரும். அவ அப்படியே திரும்ப உக்காந்தா. அசையலை. தாய்க்கோழி மேல நின்னு 'குவாக்'னதும், குஞ்சு தலையை வெளிய எடுத்துச்சு.

அப்புறம் பாசிச் சுவத்துல தத்தித் தத்தி ஏறுச்சு. பாதி வந்துச்சு. அப்போ உள்ளேருந்து மாமியா, "ஏளா! வெந்நி எங்க?"

சர்ர்ர்... ப்ளக்.

'இதோ வந்துட்டேன்'னு நாக்கு நுனி வரைக்கும் வந்த சொல்லை உலகம்மை முழுங்கிட்டா. பதில் சொன்னா குஞ்சு மறுபடியும் குழாய்க்குள்ள போயிரும்.

தாய்க்கோழி நாலு குஞ்சையும் கூட்டிக்கிட்டு நாலடி போச்சு. திரும்பி வந்துச்சு. மறுபடி போச்சு, வந்துச்சு. உலகம்மையோட அம்மாவுக்கும் பிள்ளைங்க அஞ்சு. பதினெட்டு வயசுல இவளை இந்த வீட்டுல விட்டுட்டு, திரும்பியே பாக்காம பஸ் ஏறினா. அந்தக் கோவத்தை இவ இருபத்தாறு வருஷம் வச்சிருந்தா. இப்போதான் தோணுச்சு, திரும்பிப் பாத்திருந்தா அம்மாவால பஸ் ஏறியிருக்க முடியாதோ என்னவோ. கேக்கலாம்னா அம்மா இல்ல. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

காலுக்குக் கிட்ட ஒரு காஞ்ச வாழைமட்டை கெடந்துச்சு. அதைக் கட்டைவிரலால கொஞ்சம் கொஞ்சமா குழிப்பக்கம் தள்ளினா. நகருறது அவளுக்கே தெரியாத அளவுக்கு மெதுவா. குஞ்சு ரெண்டாவது தடவை ஏறுச்சு. அப்போ மக சிவகாமி, "எம்மா! என் சீப்பை எங்க வச்சே?"

சர்ர்ர்... ப்ளக்.

இவ வாயைத் திறக்கல. மட்டை மட்டும் சறுக்குன்னு குழிக்குள்ள இறங்கிச்சு. குழிக்கு ஏணி ஆச்சு.

அப்புறம் வீட்டுக்குள்ள திடீர்னு சத்தமே இல்ல. கூப்பிட்டா பதில் வராம இருந்தது அந்த வீட்டுல அன்னிக்குத்தான். தடதடன்னு ஓடி வந்தாங்க. "வாளி இங்க இருக்கு, ஆளைக் காணோமே! டேய், கெணத்தை எட்டிப் பாருடா!"ன்னு மாமியா அலறுனா. வீட்டுக்காரரு வாளிக்கயித்தைப் புடிச்சுக்கிட்டு கெணத்துக்குள்ள குனிஞ்சாரு. "உலகு! ஏ உலகம்மா!"

தண்ணி 'உலகம்மா'ன்னுச்சு. அவரு வாயில அவ பேரு வந்து அவ கேட்டதில்ல. 'ஏய்'தான், இல்லேன்னா 'இந்தா'. அஞ்சடி தள்ளி உக்காந்து, அவரு குனிஞ்ச முதுகையே பாத்தா. தாய்க்கோழி சிறகடிச்சு வாய்க்காலுக்கு ஓடிப்போச்சு. குஞ்சு குழாய் வாயில நின்னுச்சு.

"ஷ்ஷ்ஷ்"னா உலகம்மை.

மூணு பேரும் திரும்பினாங்க. "அடிப்பாவி, அங்க என்ன..."ன்னு அவரு ஆரம்பிச்சாரு. இவ கையைக் காட்டி நிறுத்தி, குழியைக் காட்டினா. அவரு அங்கயே மண்ணுல உக்காந்துட்டாரு. மாமியா இருமல் வெளிய வராம முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டா. சிவகாமி மூச்சே விடல. காக்கா கத்துற சத்தம் மட்டுந்தான்.

ரொம்ப நேரம் கழிச்சு, 'க்ர்ர்... குவாக்.' தாய் நாலு குஞ்சோட வந்துடுச்சு. குஞ்சு மட்டையில கால் வச்சுது. டிக், டிக், டிக்... மேல வந்துடுச்சு! அஞ்சும் வரிசையா சேம்பு இலைக்குள்ள போயிருச்சுங்க.

அப்புறம் அவரு மெல்ல, "உள்ள விழுந்துட்டியோன்னு..."ன்னாரு.

"அதுக்கு எனக்கு எங்க நேரம்?"னா உலகம்மை.

மாமியா களுக்குன்னு சிரிச்சா. உலகம்மை சிரிக்காததைப் பாத்ததும் பாதியில நிறுத்திட்டா. அவரு கயித்தைக் கீழ வச்சாரு. "நீ இரு"ன்னாரு.

அவளும் இருந்தா. வெயில் பாதத்துல ஏறுற வரைக்கும் இருந்தா.

"அப்... அப்புறம்?"

அப்புறம் என்ன கண்ணு, கதையும் அந்தக் கல்லு மேலயே சாஞ்சிருச்சு. இனி எழுப்பக் கூடாது. நீயும் கண்ணை மூடு.