சொல்லாத அக்கரை

அந்தக் காலத்திலே ஆற்றங்கரை நாடு ஒன்றை மகரகேது ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ஆண்டது அவர், யோசித்தது நீதிப் பண்டிதர் விருத்தகிரியார். ராஜாவுக்குத்தான் எவ்வளவு வேலை, பாவம். சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும்.

ஒருநாள் பரிசல்காரி செம்பாயி சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, பேரனுக்குப் பால் வேணும்னு பண்டிதர் என் மாட்டைக் கேட்டார். கொடுத்தேன். ஆறு மாசமாச்சு. என் கைக்குழந்தை கஞ்சித் தண்ணி குடிக்குது. இப்ப மாடு தன்னோடதுங்கிறார்."

பண்டிதர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "திருப்பித் தருகிறேன் என்று நான் சொன்னேனா?"

"சொல்லலைங்க."

"திருப்பிக் கேட்பேன் என்று நீயாவது சொன்னாயா?"

"அதைப் போய்ச் சொல்லுவாங்களா, சாமி?"

"வாயால் சொல்லாதது ஒப்பந்தமே இல்லை, பிரபு."

ராஜாவுக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு மாட்டுக்குள் இவ்வளவு பெரிய தத்துவமா? "மாடு பண்டிதருக்கே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். செம்பாயி கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் அக்கரைக் கோயிலில் தேரோட்டம். பரிவாரமெல்லாம் முன்னால் போய்விட்டது. ராஜாவும் பண்டிதரும் கடைசியாக வந்து செம்பாயியின் பரிசலில் ஏறி உட்கார்ந்தார்கள். நடு ஆற்றுக்கு வந்ததும் அவள் ஒரே பக்கமாகத் துடுப்பைப் போட ஆரம்பித்தாள். பரிசல் ராட்டினமாகச் சுற்றியது.

"என்னடி இது? அக்கரைக்குப் போ" என்று அலறினார் பண்டிதர்.

"அக்கரைக்குக் கூட்டிப்போறேன்னு நான் சொன்னேனாங்க?"

"பரிசலில் ஏறியவர்கள் வேறெங்கே போவார்கள்?"

"நீங்களும் சொல்லலையே. வாயால சொல்லாதது ஒப்பந்தமே இல்லைங்களே, சாமி."

ராஜாவுக்குக் குடலைப் பிரட்டியது. காலையில் ஒரு கை பார்த்த பொங்கல் தொண்டைக்கே வந்துவிட்டது. சிலருக்குத் தலை சுற்றினால்தான் மூளை நேராக நிற்கும்.

"நிறுத்து, செம்பாயி. நேற்றைய தீர்ப்பு ரத்து. பாலுக்காக வாங்கிய மாட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லியா தெரிய வேண்டும்? மாடு உன்னுடையது. அரண்மனைத் தொழுவத்திலிருந்து இன்னொரு பசுவும் தருகிறேன்."

பரிசல் நேராக அக்கரைக்குப் போனது. ராஜா தள்ளாடியபடி இறங்கினார். பண்டிதர் எழுந்திருப்பதற்குள் செம்பாயி பரிசலை மறுபடி ஆற்றுக்குள் தள்ளிவிட்டாள்.

"மகாராஜா, என் மாடு துறைக்கு வர்ற வரைக்கும் இவர் என்கூடவே சுத்திக்கிட்டு இருக்கட்டுமா?"

"பிரபு, வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்று கெஞ்சினார் பண்டிதர்.

ராஜா அவரைப் பார்த்தார். செம்பாயியைப் பார்த்தார். வாயே திறக்காமல் தேர் பார்க்க நடந்தார்.

செம்பாயி துடுப்பைப் போட்டாள், ஒரே பக்கமாக.