குளத்தில் மிதந்த மான்

மான் செத்துப்போச்சு. எப்படிச் செத்தது என்பதில்தான் வஜீர் நெய்னா லெப்பையின் பதவியே போகப் பார்த்தது.

அப்போது அந்தக் கடற்கரைச் சீமை கலந்தர்ஷா என்ற சுல்தானின் கையில் இருந்தது. அவருக்குக் குறிபார்க்கவும் தெரியாது, வேட்டையை விடவும் தெரியாது. அன்று பிஸ்மில்லா சொல்லி அவர் விட்ட அம்பு அதிசயமாக ஒரு மான்மேல் பட்டது. மான் ஓடிவிட்டது. தேடிப்போனால் குளத்தில் பிணமாக மிதக்கிறது. அம்பால் செத்திருந்தால் ஹலால். மூழ்கிச் செத்திருந்தால் ஹராம். எதுவென்று தெரியாவிட்டாலும் தொடக்கூடாது.

விருந்துக்குக் கப்பல் வியாபாரிகள் வந்து உட்கார்ந்தாயிற்று. மார்க்கச் சட்டம் தெரிந்த லெப்பை சொன்னால்தான் கை நனைப்பார்கள்.

"ஹலால்னு ஒரு வார்த்தை சொல்லும். இல்லாட்டி தலைப்பாகையைக் கழற்றி வச்சிட்டுப் போம்" என்றார் சுல்தான்.

லெப்பைக்கு அலுப்பாக வந்தது. மாதாமாதம் இதே ரோதனை. ஹலால் என்றுவிட்டால் இத்தனை பேரை ஹராம் தின்னவைத்த பாவம் வேறு தன் தலையில் விழும்.

வேட்டை அதிகாரி ஜைனுல்லாவுக்கு அந்தத் தலைப்பாகைமேல் வெகுநாளாகக் கண். "நான் கண்ணால பார்த்தேன் ஹுஸூர்! அம்புதான் கொன்னுச்சு. அப்புறம்தான் உருண்டு தண்ணியில விழுந்துச்சு!"

"பட்டதும் செத்துருச்சா?" லெப்பை கொட்டாவி விட்டார்.

"உடனே எப்படி? சுல்தான் அம்பாச்சே! நான் பக்கத்துல போய் நிக்கிறேன், தலையைத் தூக்கிச் சுல்தான் இருந்த திசையையே பார்த்துட்டுக் கிடக்கு. வெத்தலை மடிச்சு மெல்லுற நேரம் பார்த்துச்சு!"

"இடுப்புல கத்தி இருந்துச்சா?"

"எப்பவும் இருக்கும்!"

"உசுரோட கிடந்துச்சு. கத்தியும் இருந்துச்சு. அறுக்க நேரமும் இருந்துச்சு. ஏன்யா அறுக்கல? கைக்கு உசுரோட கிடைச்சா அறுத்தாத்தானே ஹலால்? ஹுஸூர், உங்க அம்புமேல குத்தமில்ல. இந்த ஆளு வேடிக்கை பார்த்தே உங்க மானை ஹராமாக்கிட்டார்."

ஜைனுல்லா வசமாக மாட்டிக்கொண்டான். பார்க்கவே இல்லை என்றால் பொய்யன், பார்த்தேன் என்றால் குற்றவாளி.

ஒரு வியாபாரி முதலில் சிரித்தார். பிறகு சுல்தானே சிரித்தார். ஜைனுல்லாவின் சால்வையை உருவி லெப்பைக்குப் போர்த்தினார். விருந்துக்குப் பருப்பும் முட்டையும் வந்தன.

"இனி என் ஒவ்வொரு அம்புக்குப் பின்னாலும் நீ கத்தியோட ஓடணும்" என்றார் ஜைனுல்லாவிடம். "லெப்பை, இவன் ஓடுறானான்னு நீர் குதிரையில கூடவே வந்து பார்க்கணும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் கிளம்புறோம்."

"உத்தரவு" என்றார் லெப்பை.

வெள்ளிக்கிழமை குதிரை வாசலில் வந்து நின்று கனைத்தது. தொழுதுவிட்டு வந்து படுத்திருந்த லெப்பை தலையணையைத் திருப்பிப்போட்டு, சுவர்ப்பக்கமாகப் புரண்டு படுத்துக்கொண்டார்.