நாத்தப் பொடி

மதியழகன் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். சாய ஆலையில் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்த முதல் வாரமே தொழிலாளர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தான். சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டில் நீர் பட்டால் தீப்பற்றும் என்றான். புரிந்ததா என்று கேட்டான். முப்பது தலைகளும் ஆடின. எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

பத்தாம் நாள் கிடங்கில் ஒரு டிரம் புகைந்தது. கிடங்குத் தொழிலாளி பாவாத்தாள் ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றினாள். குப்பென்று பற்றிக்கொண்டது. சாய மாஸ்டர் சகாயமேரி மட்டும் அவளைப் பிடித்து இழுத்திராவிட்டால் தீக்காயம் கையோடு நின்றிருக்காது.

மதியழகனைவிட சகாயமேரி மூன்று வயது இளையவள். ஆனாலும் ஆலையில் அவன் தொழில் கற்றுக்கொண்டுவந்தது அவளிடம்தான். மறுநாள் காலை அவளைத் தேடிப் போனான்.

"சொன்னேனே மாஸ்டர். கையெழுத்துகூடப் போட்டிருக்காங்க. அப்புறமும் ஏன் ஊத்தினாங்க?"

"என்னை ஏன் கேக்கறீங்க? வாங்க போலாம்."

ஆஸ்பத்திரியில் பாவாத்தாளின் வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. அவனைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"வேலையை விட்டு நிறுத்திப்போடாதீங்க சார்."

"அதெல்லாம் இல்லம்மா. அதுல தண்ணி படக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே?"

"எதுலீங்க?"

"சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்ல."

"அது என்னான்னு எனக்குத் தெரியாதுங்களே. நான் ஊத்துனது நாத்தப் பொடியிலீங்க."

மதியழகன் சகாயமேரியைப் பார்த்தான். அவள் நோயாளிக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

கை ஆறி பாவாத்தாள் வேலைக்குத் திரும்பியதும் மறுபடி வகுப்பு வைத்தார்கள். சகாயமேரி அவளை முன்னால் நிற்கவைத்தாள். மதியழகனைத் தொழிலாளர்களோடு கடைசி வரிசையில் உட்காரச் சொன்னாள்.

பாவாத்தாள் மூடியிருந்த டிரம்மைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுதான் நம்ம நாத்தப் பொடி. இதுல தண்ணி பட்டா தானா சூடேறிப் பத்திக்கும். புகைஞ்சா கிட்டப் போகாதீங்க. தண்ணி ஊத்தாதீங்க. வெளியே ஓடி மாஸ்டரைக் கூப்பிடுங்க."

பிறகு சட்டைக் கையை மேலே ஏற்றித் தழும்பைக் காட்டினாள். யாரும் தலையாட்டவில்லை.

"ஈரக் கையோட அள்ளலாமாக்கா?" என்றாள் ஒருத்தி.

"வேண்டவே வேண்டாம்."

"கிடங்குல மேற்குப் பக்கம் கூரை ஒழுகுதே," என்றார் மூட்டை தூக்கும் ரங்கண்ணன். "பாதி டிரம்மு அதுக்குக் கீழதானே இருக்குது?"

மதியழகன் எழுந்து ஓடினான். மதியத்துக்குள் அத்தனை டிரம்களும் இடம் மாறின.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவன் சகாயமேரியின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அன்னைக்கு ஒரு மணி நேரம் பேசினேன் மாஸ்டர். ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்கலையே?"

"எதைப் பத்திப் பேசறீங்கன்னு தெரிஞ்சாத்தானே கேக்கறதுக்கு?" என்றாள் சகாயமேரி.